காயம் பட்ட இடமும் கற்ற இடமும்

அமெரிக்காவில் ‘அத்லெடிக் டிரெய்னர்’ எனப்படுபவர் பயிற்றுநர் அல்லர். ஆட்டக்களத்தின் ஓரத்தில் நின்று, வீரருக்குக் காயம் நேர்ந்த கணத்திலேயே அதனை மதிப்பிட்டு, முதலுதவி செய்து, அவர் மீண்டும் களமிறங்கும்வரை உடனிருக்கும் மருத்துவப் பணியாளர். (நம்மூரில் ‘டிரெய்னர்’ என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்பவர்.) இப்படிப்பை முடித்தோர் தாம் பெற்ற மருத்துவக் களப்பயிற்சியில் எவ்வளவு நிறைவு கொண்டனர் என்று அளக்கும் ஆய்வுகள் அங்கே பல உண்டு. அவற்றின் வினாநிரலைத் தமிழாக்கி நம் பிசியோதெரபி மாணவரிடம் அப்படியே கொடுக்கலாகாது என்பது என் கருத்து. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

அத்தொழில் கல்லூரி விளையாட்டு அணிகளின் உடைமாற்றும் அறையில் பிறந்தது. 1950இல் கான்சாஸ் சிட்டியில் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1969இல் முதல் பாடத்திட்டங்கள் ஏற்புப் பெற்றன. 1970இல் சான்றிதழ்த் தேர்வு தொடங்கியது. அதன் பின்னரும் நெடுங்காலம் இரு வழிகள் இணையாக ஓடின. ஏற்புப் பெற்ற பாடத்திட்டத்தில் பயின்றவருக்கு 800 மணிநேரக் களப்பயிற்சி போதும். அதற்கு வெளியே மூத்தவர் ஒருவரின்கீழ்த் தொழில் பழகியவர் 1500 மணிநேரம் காட்ட வேண்டும். வகுப்பறையின் குறையை மணிக்கணக்கால் ஈடுகட்டலாம் என்னும் எண்ணம் அது. 1990இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இதனை மருத்துவம்சார் தொழிலாக ஏற்றது. 2004இல் பழகுநர் வழி மூடப்பட்டது. மணிக்கணக்கின் இடத்தைத் திறன்களின் பட்டியல் பிடித்தது. ஆயினும் படித்தவர்களைக் கேட்கும்போது மேலெழுந்து வருவது வேறொன்று: மேற்பார்வையாளர் அருகிருந்தாரா, காயமுற்றவர் முன் மாணவரை முடிவெடுக்க விட்டாரா என்பது.

நம் பிசியோதெரபியின் பிறப்பிடம் வேறு. 1950களின் தொடக்கத்தில், இளம்பிள்ளைவாதம் பரவிய சூழலில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு இப்படிப்பு வேரூன்றியது. அந்த வார்டின் சாயல் இன்றும் அதில் உண்டு. எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் எனப் பிரிவு பிரிவாகப் பயிற்சி சுழலும்; விளையாட்டுக் காயமோ ஒரு பாடப்பகுதி, அல்லது முதுநிலைச் சிறப்புப் பிரிவு. 1961இல் பாட்டியாலாவில் தோன்றிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முதற்பணி பயிற்றுநர்களை உருவாக்குவது. இவ்விரண்டுக்கும் இடையே, ஓடுகளத்தின் ஓரம் ஆளற்றுக் கிடந்தது. 2021ஆம் ஆண்டின் மருத்துவம்சார் தொழிலர் ஆணையச் சட்டம் வகுத்த பத்துத் தொகுதிகளில் பிசியோதெரபி ஒன்று. விளையாட்டுக் காயத்துக்கெனத் தனித் தொகுதி இல்லை.

இவ்வெற்றிடம் எங்கள் எல்லைப்புறத்தில் துலக்கமாகத் தெரியும். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இரண்டும் தமிழ்நாட்டைத் தொடுகின்றன, இரண்டும் ஓட்டக்காரர்களை ஈன்றன. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் பொன் வென்ற பீனாமோளும், அதே தொலைவில் வெள்ளி வென்ற தம்பி பினுவும் இடுக்கி மலைக்காரர்கள். 2010 குவாங்சூவில் 10,000 மீட்டரில் பொன் வென்ற பிரீஜா ஸ்ரீதரனும் அவ்வாறே. 2017இலும் 2019இலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரை வென்ற பி.யு. சித்ரா பாலக்காட்டு முண்டூர்ப் பள்ளியில் உருவானவர். அவரை உருவாக்கியவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் என்.எஸ். சிஜின். இத்தகைய பள்ளி மைதானங்களில் தசை பிசகினால் முதலில் தொடும் கை பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியருடையதே. பிசியோதெரபிஸ்ட் நகரத்து மருத்துவமனையில் இருக்கிறார். காயம் அவரிடம் வந்து சேரும்போது அதற்குச் சில நாள் வயதாகியிருக்கும்.

முன்பு இப்பிரிவினை இருக்கவில்லை. களரியில் அடவு கற்பித்த குருக்களே உழிச்சிலும் மர்ம சிகிச்சையும் கற்பித்தார். குமரிப் பகுதி வர்ம ஆசான்களிடமும் இதே முறைதான். காயம் பட்ட இடத்திலேயே சிகிச்சை கற்கப்பட்டது. அதனைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. முறிந்த எலும்பைத் தடவிக் கெடுத்த கதைகளும் உண்டு. ஆனால் மாணவர் எங்கே நின்று கற்றார் என்ற ஒரு செய்தியில் களரியும் அமெரிக்க உடைமாற்றும் அறையும் ஒரே பக்கம் நிற்கின்றன; நம் கல்லூரிகள் மறுபக்கம்.

ஆகவே இவ்வட்டாரத்தில் இத்தகைய ஆய்வை மேற்கொள்வோர் நிறைவு அளவுகோலுக்கு முன்னே ஒரு வினாவைச் சேர்க்க வேண்டும்: காயம் நேர்ந்த முதல் பத்து நிமிடத்தில், மைதானத்திலேயே, ஒருமுறையேனும் நீங்கள் இருந்ததுண்டா? இல்லை என்பவர் தரும் மதிப்பெண் வார்டைப் பற்றியது. அதனை விளையாட்டுக் களப்பயிற்சிக்கான மதிப்பெண்ணாக அட்டவணையில் ஏற்றக் கூடாது.