காந்தம் திருத்திய படம்

விஞ்ஞானத்தின் வரலாற்றைப் பேரறிஞர்களின் வெற்றிப் பட்டியலாகவே நமது பாடநூல்கள் பெரும்பாலும் எழுதிவைத்திருக்கின்றன. பிழைகள் எவ்வாறு நேர்ந்தன, அவை எவ்வாறு திருத்தப்பட்டன என்னும் வரலாறு அவற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் மாணவருக்கு மிகவும் வேண்டியது இந்த இரண்டாவது வரலாறே. பற்றீரியாவைத் தாக்கும் வைரசு ஒன்றின் சின்னஞ்சிறு புரதம் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

எம்13, எஃப்டி, எஃப்1 எனப் பெயர் பெற்ற நூல்வடிவ வைரசுகள் நெருங்கிய உறவுடையவை. நமது உயிர்க்கலங்களில் டி.என்.ஏ. இரட்டை இழையாக முறுக்குண்டிருக்க, இவற்றின் மரபுச் செய்தியோ ஏறக்குறைய 6400 நியூக்கிளியோரைட்டுகள் கொண்ட ஒற்றை இழை வளையத்தில் அடங்கியுள்ளது. பற்றீரியாவினுள் புதிதாகத் தோன்றும் இவ்விழை மூடப்படாது கிடந்தால், அது மீண்டும் இரட்டையாக்கப்பட்டுவிடும். ஐந்தாம் மரபணு தரும் புரதமே அதனைப் போர்த்து, ஒற்றையாகவே காத்து, புதிய வைரசுக்கு ஆயத்தமாக்குகின்றது. 1972இல் புரூஸ் அல்பேர்ட்சும் அவருடன் உழைத்தோரும் இப்புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் இயல்புகளை விளக்கினர். 87 அமினோ அமிலங்களே கொண்ட இப்புரதத்தின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நான்கு நியூக்கிளியோரைட்டுகள் அளவிலான இழைப்பகுதியைப் பற்றுகின்றது.

எவ்வாறு பற்றுகின்றது? இதற்கு விடை காண உதவிய கருவிகளுள் ஒன்று அணுக்கருக் காந்தப் பரிவு ஆகும். ஐதரசன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் அது குறிப்பிட்டதொரு அதிர்வெண்ணுடைய வானொலி அலையை ஏற்கின்றது. அயலிலுள்ள அணுக்களுக்கேற்ப அவ்வதிர்வெண் சிறிது மாறும். ஆகவே, ஓர் அணுவின் அயலவர் யாவர் என்பதை அந்த மாற்றத்திலிருந்து ஊகிக்கலாம். 1945-46இல் ஹாவார்டில் பேர்செல் குழுவினரும், ஸ்ரான்போட்டில் புளொக் குழுவினரும் தனித்தனியே இதனை நிறுவினர். பேர்செலும் புளொக்கும் போர்க்காலத்தில் ராடர் தொடர்பான ஆய்வுகளில் உழைத்தவர்கள். அழிவின் தேவைக்காக வளர்ந்த வானொலி நுட்பம் அறிவின் தேவைக்குத் திரும்பியமை மனித குலத்தின் பேறே.

1970களில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்புரதத்துடன் டி.என்.ஏ.த் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் குறிகள் இடம்பெயர்ந்தன. அதன் தட்டையான வளையங்கள் இழையைப் பற்றுவதில் பங்குகொள்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

1979இல், பளிங்காக்கிய புரதத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தோர் அதன் முழு வடிவத்தையும் படமாக வெளியிட்டனர். புரதம் இழையைப் பற்றும் விதத்தை விளக்கும் மாதிரிகளும் அப்படத்தின் மீது கட்டப்பட்டன. ஆனால், நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஹில்பேர்ஸ் குழுவினர் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காந்தப் பரிவால் அளந்தபோது, அருகருகே இருப்பனவாகத் தெரிந்த அணுக்கள் அப்படத்தோடு பொருந்தவில்லை!

அவர்களின் வேலை இலகுவானதன்று. காந்தப் பரிவுக்குச் செறிந்த கரைசல் வேண்டும். செறிவு மிகுந்தாலோ இப்புரதம் திரண்டுவிடும், குறிகள் மங்கிவிடும். எனவே 41ஆவது இடத்துத் தைரோசினுக்குப் பதிலாக ஹிஸ்ரிடீனைப் புகுத்திய புரதத்தை அவர்கள் கையாண்டனர். சோடியில்லாத இலத்திரன் கொண்ட ஓர் அடையாளத்தைச் சிறு டி.என்.ஏ.த் துண்டுகளிற் பொருத்தி, எந்தக் குறிகள் மங்குகின்றன என நோக்கினர். மங்கியவையே இழையின் அருகில் உள்ளவை!

1994இல் அக்குழு கரைசலில் உள்ள வடிவத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், செலனியம் அணுக்களைப் புகுத்திய புரதப் பளிங்குகளை எக்ஸ்-கதிரால் புதிதாக ஆராய்ந்து வெளியிட்டனர். பழைய படத்தில் சங்கிலியின் மடிப்பு பிழையாகக் காட்டப்பட்டிருந்தமை தெளிவாயிற்று.

காந்தம் வென்றது, எக்ஸ்-கதிர் தோற்றது என்று இதனைக் கொள்வது தவறு. எக்ஸ்-கதிர் முறையே தன் பிழையைத் தானும் திருத்திக்கொண்டது. பழைய படத்தை வீழ்த்தியது இன்னொரு பெரியவரின் வாக்கன்று. எவரும் மீண்டும் அளந்து பார்க்கக்கூடிய சான்றே. அச்சேறிய படத்தை வேதவாக்காக மனனம் செய்விக்கும் கல்வி இத்தகைய ஆய்வாளரை உருவாக்க மாட்டாது. வகுப்பறையிற் படத்தைக் காட்டும் ஆசிரியர், அது எவ்வாறு அறியப்பட்டது என்ற வினாவையும் மாணவர் முன் வைக்கவேண்டும். அவ்வினாவை எழுப்பும் உரிமை மாணவனுக்கும் உண்டு.