பொது அஞ்சற் கோப்புறை

பொது அஞ்சற் கோப்புறை: மின்னஞ்சல் சர்வரிலுள்ள ஓர் அஞ்சற்பெட்டியை, ஒருவர் கடவுச்சொல்லை மற்றவர் அறிய வேண்டாத வகையில், பலரும் தத்தம் கணக்கிலிருந்தே திறந்து பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடு.

தோற்றம்: கடிதங்களைச் சர்வரிலேயே நிலைநிறுத்துவதால் இவ்வேற்பாட்டுக்கு ஆதாரமாக விளங்கும் ஐமேப் நெறிமுறையை, 1986இல் மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வகுத்தார்.

அதிகாரங்கள்: 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2086 என்னும் ஆவணம், பெட்டியைக் காணல், கடிதத்தை வாசித்தல், வாசித்ததாகக் குறித்தல், பிற குறிகள் இடுதல், புதியது சேர்த்தல், நிர்வகித்தல் முதலிய 9 அதிகாரங்களை ஒவ்வோர் எழுத்தால் சுட்டியது. அழிக்கும் அதிகாரம் ஒன்றாயிருந்ததால் கடிதத்தை நீக்கக்கூடியவர் பெட்டியையே நீக்கிவிடவும் இடமுண்டாதலின், 2005இல் வந்த ஆர்எஃப்சி 4314, கடிதத்தை நீக்கக் குறித்தல், குறித்தவற்றை அறவே அகற்றல், பெட்டியை அழித்தல் என அதனை மூன்றாகப் பிரித்து, மொத்தத்தை 11 ஆக்கியது.

அமைப்பு முறை: சைரஸ், டவ்காட் ஆகிய சர்வர் மென்பொருள்கள் இம்முறையை ஏற்கின்றன. அதிகாரங்களைத் தனிநபருக்கன்றிக் குழுவுக்கு அளிப்பதும், நிர்வாக அதிகாரத்தை ஓரிருவரிடமே நிறுத்துவதும், ‘எவரும்’ என்னும் பொதுப்பெயருக்கு யாதொன்றும் வழங்குமுன் நன்கு யோசிப்பதும் விவேகமான சம்பிரதாயமாகும்.