உருளும் இல்லமும் சேமித்த மின்னும்

வீடு என்பது ஓரிடத்தில் நிலைத்திருப்பது. வண்டி என்பது ஓரிடத்திலும் நில்லாதது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வீட்டையே சில்லுகளின்மேல் ஏற்றிச் செல்லவேண்டும் என்ற ஆசை மேனாட்டாருக்கு நெடுநாளாக உண்டு. 1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் வைத்தியர், 'வாண்டரர்' எனப் பெயரிட்ட வீட்டு வண்டியொன்றைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை பயணஞ் செய்தார். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ற்பாலியா நிறுவனம் வோக்ஸ்வாகன் வண்டிக்குள்ளே படுக்கையும் அலமாரியும் அமைத்தது. 1966இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வினெபாகோ நிறுவனம் மோட்டார் இல்லங்களைச் செய்யத் தொடங்கியது.

கூரையும் கட்டிலும் அடுப்பும் வண்டியேறிவிட்டன. ஆனால் மின்சாரம்? தெருக்கம்பத்துக் கம்பியை வண்டியின் பின்னே இழுத்துச் செல்ல முடியாதன்றோ? ஆகவே, உருளும் இல்லத்தின் வரலாறு மின்னைச் சேமித்து வைக்கும் கலையின் வரலாற்றோடு பிணைந்து கிடக்கிறது. அக்கலை வளர்ந்த வகையை, நேயர்களே, சிறிது நோக்குவோம்.

1859இல் பிரான்சு நாட்டுக் கஸ்தோன் பிளாந்தே என்பார் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அவற்றினூடே மின்னைச் செலுத்தினார். செலுத்திய மின்னை மீண்டும் பெற முடிந்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த மின்கலங்கள் தீர்ந்தால் தீர்ந்தவையே. பிளாந்தேயின் கலமோ வற்றிய பின்னும் நிரப்பத்தக்க கேணியை ஒத்தது. 1881இல் கமில் போர் என்பவர் தகடுகளில் ஈயப்பசை பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். 1912இல் சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின் தொடக்கி கடிலாக் மோட்டார் வண்டிகளில் இடம்பெற்றது. அதன்பின் ஈயப் பற்றரி மோட்டார் வண்டியின் நீங்கா உறுப்பாயிற்று.

எனினும், இயந்திரத்தை எழுப்புவது வேறு. இல்லத்தை நடத்துவது வேறு. முன்னதற்குச் சில விநாடிப் பாய்ச்சல் போதும். பின்னதற்கு இரவு முழுதும் இடையறாது ஓடும் மின் வேண்டும். இதற்கெனத் தடித்த தகடுகளுடைய பற்றரிகள் தோன்றின. ஆயினும் ஈயத்தின் இயல்பு மாறவில்லை. 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி அளவுள்ள பற்றரியில் 1200 வாற்றுமணி ஆற்றல் உண்டு. ஆனால், பாதிக்கு மேல் அடிக்கடி இறைத்தால் அதன் ஆயுள் குறுகும். எஞ்சிய 600 வாற்றுமணி, சிறியதொரு குளிர்ப்பெட்டிக்கு ஏறக்குறைய ஒரு நாளுக்கே காணும். எடையோ 25 கிலோவுக்கு மேல்.

இனி, கேணியை நிரப்பும் ஊற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களிலே தொலைபேசிக்குரிய உலர்கலங்கள் விரைவிற் கெட்டுப்போவதைத் தவிர்க்க வழிதேடினார் டரில் சாப்பின். அவரும் கல்வின் புல்லர், ஜெரால்ட் பியர்சன் என்போரும் ஆக்கிய சிலிக்கன் சூரியக் கலம் 1954 ஏப்பிரல் மாதத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்னாக்கியது. 1958இல் வான்காட் என்னும் செயற்கைக் கோளில் ஏறி விண்ணுக்குச் சென்ற சூரியக் கலம், விலை இறங்கியபின் மோட்டார் இல்லத்தின் கூரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் வெயிலும் ஈயமும் நன்கு இணங்கவில்லை. ஈயப் பற்றரி நிரம்பும் தறுவாயில் மின்னை மெல்ல மெல்லவே ஏற்கும். கடைசிப் பங்கு நிரம்புவதற்குப் பல மணி நேரஞ் செல்லும். பகலவனோ காத்திருப்பதில்லை. நாள்தோறும் அரைகுறையாக நிரம்பிய பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிய, கொள்ளளவு குன்றும்.

இந்நிலையை மாற்றியது உலோகங்களுள் மிக இலேசான இலிதியம். 1970களில், எண்ணெய் நெருக்கடி உலகை வருத்திய காலத்தில், ஸ்ரான்லி விற்றிங்காம் இலிதியப் பற்றரியொன்றை ஆக்கினார். அதன் ஆற்றல் பெரிது, ஆபத்தும் பெரிது. மீண்டும் மீண்டும் நிரப்புகையில் இலிதியம் முட்கள்போல் வளர்ந்து, இருமுனைகளையும் இணைத்துத் தீயை மூட்டியது. 1980இல் ஒக்ஸ்போட்டில் ஜோன் குடினவ் கோபால்ற்று ஒட்சைட்டைப் பயன்படுத்தி ஏறத்தாழ 4 வோல்ற்று அழுத்தத்தைப் பெற்றார். 1985இல் யப்பானின் அக்கிரா யோசினோ தூய இலிதிய உலோகத்தை நீக்கிக் கரிப்பொருளை வைத்துப் பாதுகாப்பைக் கூட்டினார். 1991இல் சோனி நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. அப்பொழுது குடினவின் வயது 97.

ஆயினும் கோபால்ற்று ஒட்சைட்டு மிகுதியாகச் சூடேறினால் ஒட்சிசனை வெளிவிடும். அதுவே தீக்கு உணவாகும். கட்டிலுக்கு அடியிலே பற்றரி இருக்க, அதன்மேல் குழந்தைகள் உறங்கும் சிறு வண்டிக்கு இது தகுமோ? விடை பிறந்த இடம் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகம். அங்கே குடினவும், பாதி, நஞ்சுண்டசாமி ஆகிய உடனாய்வாளரும் இலிதிய இரும்புப் பொசுபேற்றை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். இதில் ஒட்சிசன் பொசுபரசோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது. இரும்போ மலிந்த பொருள். முதலில் இது மின்னை நன்கு கடத்தாமையால் மதிப்புப் பெறவில்லை. நுண்துகளாக்கிக் கரி பூசியபின் அக்குறை நீங்கியது.

இவ்வகைக் கலம் ஒன்று 3.2 வோல்ற்று, நான்கைத் தொடுத்தால் 12.8 வோல்ற்று. 100 அம்பியர்மணிப் பற்றரியில் உள்ள 1280 வாற்றுமணியிற் பெரும்பங்கை அச்சமின்றி எடுக்கலாம். எடையும் ஈயத்தினதில் ஏறக்குறையப் பாதியே. வெயில் தரும் மின்னைத் தயங்காது ஏற்கும். பாதி நிரம்பிக் கிடந்தாலும் பழுதுறாது.

ஆனால் பழைய பற்றரியை அகற்றிப் புதியதை அவ்விடத்தில் வைத்தல் மாத்திரம் போதாது. இலிதியம் மின்னைப் பேராவலோடு உறிஞ்சுவதால் இயந்திரத்தோடு சுழலும் மின்னாக்கி வெந்துபோகக்கூடும். ஆகவே, ஓட்டத்தை அளந்துவிடும் கருவியொன்றை இடையே அமைப்பர். வெப்பநிலை 0 பாகைக்குக் கீழிறங்குகையில் மின்னேற்றினால் இலிதியம் உலோகமாகப் படியும். விற்றிங்காமை வருத்திய அதே இடர் அங்கே மீண்டும் தலைகாட்டும். இதைத் தடுக்கவும், கலங்களைச் சமப்படுத்தவும் ஒரு காவற்கருவி வேண்டும். 12 வோல்ற்றில் 2000 வாற்று வேலை செய்ய 160 அம்பியருக்கு மேல் ஓடுமாதலால், தடித்த கம்பியும், பற்றரியின் அருகிலேயே உருகியும் இன்றியமையாதன. இலிதியத்துக்கு இரும்புப் பொசுபேற்று அடக்கந் தந்தாலும், தடிப்பற்ற கம்பி தீப்பிடிக்கத் தயங்காது.

பிளாந்தேயின் ஈயச் சுருள் தொடங்கி இன்றைய இரும்புப் பொசுபேற்று வரை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. கோபால்ற்றுக் கலம் அதே எடையில் கூடிய ஆற்றலைக் கொள்ளும். எனினும் உருளும் இல்லங்களில் நிலைபெற்றது, ஆற்றல் சிறிது குறைந்தும் அடக்கம் மிகுந்த இரும்புக் கலமே. மனிதர் உறங்கும் இடத்துக்கு ஏற்றது, எவ்வளவு ஆற்றலைக் கொண்டது என்பதனால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அவ்வாற்றலை எவ்வளவு பொறுமையோடு தாங்குகிறது என்பதனாலும் தீர்மானிக்கப்படுகிறது.