பலவீனத்தில் தவக்குல்: அழுவது ஈமான் குறைவா?

நோய், கடன், பிரிவு, வேலையிழப்பு என ஏதோ ஒரு சோதனையில் ஒருவர் மனம் தளர்ந்து அழுதால், "உனக்கு ஈமான் போதவில்லை" என்று சொல்லிவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. ஆறுதல் தேடி வந்தவர் அதன்பின் வாய் திறப்பதே இல்லை. இது சரிதானா என்பதை குர்ஆன், ஹதீஸ் ஒளியில் பார்ப்போம்.

மனிதன் பலவீனமானவனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்கிறது அல்குர்ஆன் (4:28). அப்படியானால் பலவீனம் நம் இயல்பு, அது குற்றமல்ல. அந்தப் பலவீனத்தோடு யாரிடம் போய் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. நம்மால் ஆனதைச் செய்துவிட்டு, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்து அவனையே சார்ந்திருப்பதற்குத் தவக்குல் என்று பெயர்.

யஃகூப் நபியின் கண்ணீர்

இதற்கு முழுமையான பாடம் சூரா யூசுஃபில் இருக்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்களில் நுழையுமாறு சொன்னார்கள். அத்தோடு, அல்லாஹ்வின் தீர்ப்பைத் தம்மால் தடுக்க முடியாது என்றும், அவன் மீதே தவக்குல் வைத்திருப்பதாகவும் சொன்னார்கள் (12:67). முன்னெச்சரிக்கையும் தவக்குலும் அங்கே ஒரே வசனத்தில் சேர்ந்து நிற்கின்றன.

மகன் யூசுஃபை நினைத்து அழுதழுது அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின (12:84). அல்லாஹ் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் கூறினார்கள் (12:86). அடுத்த வசனத்திலேயே, யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடிப் போங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார்கள். கண்ணீர், துஆ, தேடல் மூன்றும் ஒரு நபியிடம் ஒன்றாக இருந்தன. அப்படியிருக்க, அழுகிறவரைப் பார்த்து ஈமான் குறைவு என்று எப்படிச் சொல்வது?

மூஸா (அலை) அவர்களும் மிஸ்ரிலிருந்து தப்பி மத்யன் வந்தபோது வீடோ வேலையோ இல்லாமல் இருந்தார்கள். அந்த நிலையிலும் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். பிறகு நிழலில் ஒதுங்கி, தமது தேவையை ரப்பிடம் சொன்னார்கள் (28:24). அதன்பின் அடைக்கலம், வேலை, திருமணம் மூன்றும் கிடைத்தன.

கொல்லிமலைச் சாலை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைப் பார்க்காமல் பிஸ்மில்லாஹ் மட்டும் சொல்லிவிட்டு அதில் வண்டியை இறக்குவது தவக்குல் அல்ல. எல்லாம் சரிபார்த்துவிட்டு, என் திறமையால்தான் இறங்கினேன் என்று நினைப்பதும் தவக்குல் அல்ல. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (திர்மிதி). கி.பி. 622 ஹிஜ்ரத்தின்போதும் வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தி, ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள்.

ராமேஸ்வரத்து இமாம்

அப்துல் கலாம் அவர்களின் தந்தை ஜைனுலாப்தீன் அவர்கள் ராமேஸ்வரம் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர். நோயாளிகளுக்காகத் துஆ கேட்டு மக்கள் அவரிடம் வருவார்கள். குணமான பின் நன்றி சொல்ல வந்தவர்களை அவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லச் சொல்வார். இதைக் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே மகன் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றபோது 25 பேரில் 9ஆவதாக வந்தார். தேர்வானவர்கள் 8 பேர். பின்னாளில் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று வெற்றி கண்டது. ஒரு வாசல் அடைபட்டால் எல்லா வாசலும் அடைபட்டதாக ஆகாது.

நாம் செய்ய வேண்டியவை

* பலவீனத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாப்புத் தேடினார்கள் (புகாரி).
* மருத்துவரிடம் செல்லுங்கள். சிகிச்சை செய்துகொள்ளுமாறு நபியவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள் (அபூதாவூத்). மனநோய்க்கும் இது பொருந்தும்.
* வீட்டில் ஒருவர் தளர்ந்திருந்தால் முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். உபதேசம் பிறகு.

பாங்கு சொல்பவர் தொழுகைக்கும் வெற்றிக்கும் அழைக்கும்போது, "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்று பதில் சொல்கிறோம். அல்லாஹ்வைக் கொண்டே தவிர எந்த ஆற்றலும் சக்தியும் இல்லை என்பது அதன் பொருள். ஒரு பாங்குக்கு நான்கு முறை, ஐந்து பாங்குக்கு 20 முறை. எழுந்து தொழுவதற்குக்கூட அவன் சக்தி தர வேண்டும் என்று தினமும் ஒப்புக்கொள்கிற நாம், சோதனை நேரத்தில் அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

தளர்ந்த உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் தன் சக்தியால் துணை நிற்பானாக! ஆமீன்.