மணலைக் கட்டிப் போட்ட மரம்

பிரெஞ்சுவழியில் படித்த எங்கள் புதுச்சேரித் தலைமுறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியுமுன்பே கரோன் நதியின் ஊற்றை ஒப்பித்துவிடுவோம். அந்தப் பூகோளப் பாடத்தில் என் மனத்தில் தங்கியது போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள லாந்து பிரதேசமும், அங்கே இயற்கையாகவே வளரும் கடற்கரைப் பைன் மரமும். ‘பேன் மரித்தீம்’ என்பார்கள். நூறடி வரை உயரும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் சவுக்கின் ஜாடை தெரியும். ஆனால் சவுக்கு பூக்கும் இனம், இது கூம்புக்காய் மரம்.

இன்று அங்கே சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் காடு. முன்பு அப்படியல்ல. அட்லாண்டிக் காற்றில் மணல்மேடுகள் நகர்ந்து ஊர்களை விழுங்கின. சூலாக் ஊரின் மாதா கோயிலே 18-ஆம் நூற்றாண்டில் மணலுக்குள் புதைந்து, 1859-க்குப் பிறகுதான் தோண்டி எடுக்கப்பட்டது.

1787-ல் பிரெமோந்தியே என்ற அரசாங்கப் பொறியாளர் லா தெஸ்த் என்ற ஊரில் மணலில் பைன் விதைத்துக் காட்டினார். முறை எளிமையானது. பைன் விதையோடு புதர்ச்செடி விதைகளையும் கலந்து தூவி, காற்று அள்ளிப் போகாதபடி வெட்டிய கிளைகளைப் பரப்பி மூடுவார்கள். புதர் முதலில் எழும்பி, பைன் கன்றுக்கு நிழலாகும். கடலோரத்தில் பலகை வேலி. மணல் ஏற ஏறப் பலகையையும் உயர்த்துவார்கள். அவருக்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். பெயர் நிலைத்ததென்னவோ பொறியாளருக்குத்தான்.

உள்நாட்டுப் பகுதி வேறு கதை. மணலுக்கடியில் ‘அலியோஸ்’ என்ற கெட்டிப் படிவம் இருப்பதால் மழைக்காலத்தில் நீர் வடியாது. இடையர்கள் பொய்க்கால் கட்டி நடந்து ஆடு மேய்த்தார்கள். ஆட்டெருவில்தான் அவர்களுடைய ரை தானிய வயல் விளைந்தது. 1857-ல் மூன்றாம் நெப்போலியன் அரசு சட்டம் போட்டது: ஊர்ப் பொதுநிலங்களில் வாய்க்கால் வெட்டி மரம் நட வேண்டும். கையில் பணமில்லாத ஊர்கள் நிலத்தை விற்றன. மேய்ச்சல் தரை தனியார் காடாயிற்று. கோபத்தில் சிலர் கன்றுகளுக்குத் தீ வைத்ததும் உண்டு. ஆயுள் முழுதும் அரசாங்கக் கோப்பு எழுதியவன் நான். ‘தரிசு’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பம் அடங்கிப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

மரம் பணமும் கொடுத்தது. பட்டையைச் சீவிப் பால் இறக்குவார்கள். 1844-ல் பியேர் யூக் என்பவர் மரத்தில் மண்கலயம் மாட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம்மூரில் பனையில் கலயம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே கள், அங்கே டர்பன்டைன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்நாட்டுச் சரக்கு நின்றபோது விலை எகிறி, பலர் பணக்காரரானார்கள்.

வளர்ப்பதைவிடக் காப்பது கடினம். நெருக்கமாக முளைத்ததைப் பலமுறை கழித்துவிட்டு, நாற்பது ஐம்பது வருடம் காத்திருந்து வெட்ட வேண்டும். அடிக்காட்டுப் புதரை அழிக்காவிட்டால் தீ. 1949 ஆகஸ்டில் தீயணைக்கப் போன 82 பேர் மாண்டார்கள். 2009 ஜனவரியில் ஒரே புயலில் கோடிக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2022 ஜூலையில் லா தெஸ்த் காடும் எரிந்தது. பிரெமோந்தியே காலத்துக்கும் முந்திய, ஊரார் பரம்பரை உரிமையோடு பயன்படுத்திவந்த பழங்காடு அது.

ஒரே இன மரத்தை வரிசையாக நட்டால் காற்றுக்கும் தீக்கும் வழி சுலபம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையிலும் சவுக்கு நட்டோம். நல்லதுதான். ஆனால் அங்கே வலை உலர்த்தியவர், மாடு மேய்த்தவர் யார் என்றும் கேட்டுவிட்டு நட வேண்டும். வேலியோரம் பனையும் புன்னையும் இரண்டு இருக்கட்டும்.