டிஜிட்டல் அட்டை விளையாட்டுகள்: பொழுதுபோக்கு ஆட்டமும் போட்டி ஆட்டமும்

சேர்த்து வைத்த அட்டைகளிலிருந்து தனக்கென ஒரு கட்டை அமைத்து, கணினியிலோ கைபேசியிலோ எதிராளியோடு மோதுவது டிஜிட்டல் அட்டை விளையாட்டு. சாதாரணச் சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் ஆளுக்கொரு கட்டு, அதை அமைப்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். மாலையில் அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறவரும், பரிசுத் தொகைக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவரும் பெரும்பாலும் ஒரே செயலியில்தான் இருக்கிறார்கள். இரு சாராரையும் ஒருசேர வைத்துக்கொள்ள நிறுவனங்கள் பட்ட பாடுதான் பெருமளவில் இந்த வகை விளையாட்டின் வரலாறு.

தொடக்கம் காகித அட்டையில். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' 1993-இல் வெளிவந்தது. வேறு பெரிய விளையாட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தில் ஆடுவதற்கென்று கேட்டு வாங்கப்பட்ட ஆட்டம் அது. ஆனால் 1996-லேயே நியூயார்க்கில் பரிசுத் தொகையோடு தொழில்முறைப் போட்டித் தொடர் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இரு வகை ஆட்டத்தையும் பிரித்தது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டுமே. நண்பன் என்றால் பொழுதுபோக்கு, போட்டி அரங்கில் முன்பின் தெரியாதவர் என்றால் பந்தயம்.

1997-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் மேஜிக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் இணையத்துக்கென்றே உருவான 'குரோன் எக்ஸ்' வந்தது. 2002-இல் வந்த 'மேஜிக் ஆன்லைன்' முழுக்க முழுக்கத் தீவிர ஆட்டக்காரர்களின் களம். நுழைவுக் கட்டணம் கட்டிப் போட்டியில் சேரலாம். ஒரு தொகுப்பின் எல்லா அட்டைகளையும் திரையில் சேர்த்துவிட்டால் அவற்றைக் கொடுத்து அசல் காகித அட்டைகளையே வாங்கிக்கொள்ளலாம். மேஜிக் விதிப்படி எதிராளியின் முறையிலும் குறுக்கிட முடியும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் நிரல் நின்று மற்றவர் சம்மதத்துக்குக் காத்திருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பே பெரிய தடை.

அந்தத் தடையை உடைத்தது பிளிஸார்டு நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட 'ஹார்த்ஸ்டோன்'. எதிராளியின் முறையில் நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை. கட்டில் 30 அட்டை. அட்டை இறக்கத் தேவையான மானா, முறைக்கு ஒன்றாக 10 வரை தானாகவே ஏறும். ஒரே பட்டியலில் சாதாரண ஆட்டத்துக்கு ஒரு பொத்தான், தரவரிசை ஆட்டத்துக்கு ஒரு பொத்தான் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சாதாரண ஆட்டத்தில் தோற்றால் எதுவும் இறங்காது. தரவரிசையில், 2020 வரை இருந்த முறைப்படி, 25-ஆம் படியிலிருந்து ஏறி முதல் படியையும் தாண்டினால் 'லெஜண்ட்' பட்டம் கிடைத்தது. 2015-இல் வாரத்துக்கு ஒரு விசித்திர விதியோடு நடக்கும் 'டேவர்ன் பிரால்' சேர்ந்தது. சேகரிப்பே இல்லாதவரும் உள்ளே வந்து சிரித்துவிட்டுப் போக அது இடம் கொடுத்தது. 2018-க்குள் 10 கோடிப் பேர் ஆடிப் பார்த்திருந்தார்கள்.

இரு சாராருக்கும் எங்கே உரசும் என்பதை ஒரே ஓர் அட்டை காட்டியது. 2016-இல் வந்த 'யாக்-சாரான்' அட்டையை இறக்கினால், அந்த ஆட்டத்தில் அதுவரை நீங்கள் போட்ட மந்திரங்களின் எண்ணிக்கைக்கு ஈடாக, ஏதேதோ மந்திரங்கள் தாமாகப் பாயும். எதிராளியின் படை அழியலாம், உங்கள் படையே அழியலாம். வீட்டில் ஆடுபவருக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. அதே அட்டை பரிசுப் போட்டிகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தபோது, உழைப்புக்கு என்ன மதிப்பு என்று குரல்கள் எழுந்தன. சில மாதங்களிலேயே அதன் வேகத்தைக் குறைத்தார்கள்: மந்திரங்கள் பாயும்போது யாக்-சாரானே அழிந்துவிட்டால் மீதி மந்திரம் பாயாது. போட்டியாளருக்காகச் செய்த அந்த மாற்றம் சாதாரண ஆட்டக்காரரின் கட்டிலும் சேர்ந்தே நடந்தது. காகிதத்தில் அச்சாகிக் கைக்கு வந்த அட்டையை யாரும் இப்படித் திருத்த முடியாது.

போட்டிகளில் ஒரே கட்டோடு வருவதில்லை. பல கட்டுகளைக் கொண்டுவர வேண்டும், எதிராளி அவற்றில் ஒன்றைத் தடை செய்வார், மிஞ்சிய ஒவ்வொன்றாலும் வென்று காட்ட வேண்டும். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க இது நல்ல ஏற்பாடு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹார்த்ஸ்டோன் காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2019-இல் சீனாவின் லி சியாவ்மெங் உலக இறுதிப் போட்டியை வென்ற முதல் பெண்ணானார்.

போட்டியை மட்டும் நம்பி இறங்கியவர்களின் கதை வேறு. வால்வ் நிறுவனம் கார்ஃபீல்டையே வைத்து உருவாக்கிய 'ஆர்ட்டிஃபாக்ட்' 2018 நவம்பரில் 20 டாலர் விலைக்கு வந்தது. மூன்று களங்களில் ஒரே நேரத்தில் சண்டை, ஆழத்துக்குக் குறைவில்லை. 10 லட்சம் டாலர் போட்டியும் அறிவித்திருந்தார்கள். முதல் நாளில் ஒரே சமயத்தில் சுமார் 60,000 பேர் இருந்தார்கள். சில மாதங்களில் அது நூற்றுக்கணக்காகச் சுருங்கியது. சும்மா வந்து ஆடுகிறவருக்கு அதில் இடமே வைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை. அறிவித்த அந்தப் பரிசுப் போட்டி நடக்கவே இல்லை. 2021-இல் மேம்பாட்டுப் பணியும் நின்றது.

கொனாமி நிறுவனம் பொழுதுபோக்கு ஆட்டத்தையும் போட்டி ஆட்டத்தையும் தனித்தனிச் செயலிகளாகப் பிரித்தது. 'யு-கி-ஓ!' விளையாட்டின் சுருக்க வடிவமான 'டூயல் லிங்க்ஸ்' 20 முதல் 30 அட்டைக் கட்டோடும் 4,000 உயிர்ப் புள்ளிகளோடும் கைபேசிக்கு வந்தது. காகித ஆட்டத்தின் முழு விதிகளையும் கொண்ட 'மாஸ்டர் டூயல்' 2022-இல் 8,000 புள்ளிகளோடு வந்தது. மேஜிக்கின் 'அரீனா' ஒரே செயலிக்குள் இதைச் செய்கிறது: ஒற்றை ஆட்டத்தில் முதல் கை மோசமாக அமையாதபடி நிரல் கொஞ்சம் உதவும், மூன்றில் இரண்டு வெல்லும் ஆட்டத்தில் அந்த உதவி கிடையாது, மாறாக எதிராளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள 15 மாற்று அட்டைகள் உண்டு.

2022-இல் வந்த 'மார்வெல் ஸ்னாப்' இந்த வரிசையில் ஆகச் சாமர்த்தியமானது. 12 அட்டை, ஆறு முறை, சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். கனசதுரங்களாகக் கணக்கிடும் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. தோற்பது உறுதியென்று தெரிந்தால் பாதியில் விலகி ஒற்றைக் கனசதுரத்தோடு தப்பலாம், பிடிவாதமாக நின்றால் எட்டு வரை போகும். பேருந்துக்குக் காத்திருப்பவரும் ஆடலாம். எப்போது விலகுவது என்ற கணக்கில் வல்லுநரும் மூழ்கலாம்.

ரயட் நிறுவனத்தின் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெடெரா' பணம் பறிக்காத, தரமான போட்டி ஆட்டம் என்று பேரெடுத்தது. ஆயினும் 2024-இல் அந்நிறுவனம் குழுவைச் சுருக்கி, கணினியை எதிர்த்துத் தனியாக ஆடும் பகுதியின் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் 'போக்கிமான் டிசிஜி பாக்கெட்' எதிர்த்திசையிலிருந்து வந்தது. காகிதப் போக்கிமானின் 60 அட்டைக் கட்டு இதில் 20. நாளுக்கு இரண்டு அட்டைப் பாக்கெட் இலவசம். அவற்றைப் பிரித்து ரசிப்பதே முதன்மை. தரவரிசை இல்லாமல் தொடங்கிய அந்தச் செயலியில், 2025 மார்ச்சில் தரவரிசை ஆட்டம் சேர்க்கப்பட்டது.