பீரங்கி போட்ட எல்லைக்கோடு

1689-ல் மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தம்பி ராஜாராம் உயிர் தப்பித் தெற்கே வந்து செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா சிவாஜி பிடித்த கோட்டை அது. மொகலாயப் படை அங்கேயும் விடவில்லை. ஜுல்பிகர் கான் தலைமையில் செஞ்சியை நோக்கி நகர்ந்தது. கோட்டையில் வீரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் காசு இல்லை. விற்றுக் காசாக்க ஏதாவது உண்டா என்று தேடியபோது, கடற்கரையோரச் சின்னக் கோட்டை ஒன்று நினைவுக்கு வந்தது.

கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் இருந்தது அந்தக் கோட்டை. பக்கத்திலேயே கடலூர். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி மூட்டை மூட்டையாக வந்து கப்பலேறிய துறை. டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் ஏற்கெனவே கடை விரித்திருந்தார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலேயரையும் சேர்த்து மூவருக்கும் அந்தக் கோட்டை மேல் ஒரு கண். முந்திக்கொண்டவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் எலிஹு யேல். 1690-ல் பேரம் படிந்தது. பணம் கொடுத்தால் கோட்டை கிடைக்கும், சரி. கோட்டையோடு எவ்வளவு நிலம்?

ஒப்பந்தம் சொன்ன விடை விசித்திரமானது. ஏக்கர் இல்லை, காணி இல்லை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் அடங்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கு!

சூட்சுமம் குழாயின் சாய்வில் இருந்தது. பீரங்கியைக் கிடைமட்டமாக வைத்துச் சுட்டால் குண்டு சில நூறு கஜத்திலேயே தரையைத் தொட்டுவிடும். குழாயின் மூக்கை நன்றாக உயர்த்திச் சுட்டால் அதே குண்டு வானில் வளைந்து போய் மிகத் தொலைவில் விழும். தூரம் இரண்டு மடங்கானால் நிலம் நான்கு மடங்காகும் என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். ஒப்பந்தம் குறிப்பிட்டது உயர்த்திச் சுடும் சூட்டைத்தான். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்று கப்பலேறியது. மருந்து கெட்டிப்பதிலும் குறி வைப்பதிலும் பீரங்கிக்காரன் தன் கைவரிசை முழுவதையும் காட்ட வேண்டும் என்று உத்தரவும் போனது. இனி எல்லாம் அவன் கையில்.

1690 செப்டம்பரில் பீரங்கி முழங்கியது. ஒரு திசையில் சுட்டார்கள், வண்டியைத் திருப்பி அடுத்த திசையில் சுட்டார்கள். குண்டு விழுந்த தொலைவுக்குள் கிராமங்கள் சிக்கின, கடலூர் நகரமே சிக்கியது. அந்த ஊர்களில் உழுதவர்களும் நெய்தவர்களும் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. காலையில் மராட்டியருக்கு வரி கட்டிய குடிகள் ஒரு வெடிச்சத்தத்தில் கம்பெனியின் குடிகளானார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

கோட்டைக்குப் புனித டேவிட்டின் பெயர் வைத்தார்கள். அவர் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேலின் குடும்பமும் வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் பக்கத்தைச் சேர்ந்தது. சென்னையில் குழந்தையாகவே இறந்துபோன அவருடைய மகனின் பெயரும் டேவிட். அந்தப் பிள்ளையின் கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. யேல் 1692-ல் ஊழல் புகார்களுக்கிடையே பதவி இழந்தார். பின்னாளில் அவர் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது, அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். கடலூரில் அவர் வாங்கிப்போட்ட நிலத்துக்கோ பெரிய சோதனை காத்திருந்தது.

குண்டு காட்டிய எல்லையைக் கம்பெனி சும்மா விடவில்லை. சப்பாத்திக்கள்ளி போன்ற முட்செடிகளை அடர்த்தியாக வளர்த்து வேலியாக்கியது. பிறகு வந்த வரைபடங்களில் அந்த வேலிதான் எல்லைக்கோடு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, மாறுவேடத்தில் தப்பிய ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தர் ஓடி வந்து சேர்ந்தது இங்கேதான். அது முதல் 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1690-ல் அந்தக் குண்டுகள் விழாமல் இருந்திருந்தால், சென்னை போன அன்றே ஆங்கிலேயர்கள் இந்தக் கரையைவிட்டுப் போயிருக்கவும் கூடும். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். கோட்டையைப் பிடித்தார், இடித்துத் தள்ளினார்.

கோட்டைதான் போனது, ஊர் நின்றது. தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராகவும் ஆனது. இன்று கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரைச் சொல்லிப் பேருந்து ஏறுகிறவர்கள் யாரும் அந்தக் ‘குண்டு’ எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. பீரங்கி அளந்து கொடுத்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நிலைத்தது. அந்தக் கிராமங்களின் பள்ளிகளில், பிள்ளைகள் பார்க்கும்படி, 1690-ன் எல்லையைக் காட்டும் தமிழ் வரைபடம் ஒன்றை மாட்டி வைக்க வேண்டும்.